நீலத் தண்ணீர்

நாவற்குடா, மட்டக்களப்பு
08.10.2023

அன்புத் தங்கச்சி கேதாவுக்கு,

இங்கே நான், உன் மச்சாள் புஸ்பம், கடை மூன்றும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை ஜெயரூபன், மகள் தக்ஷா மூவரின் சுகத்தையும் எழுது.

கார் வாங்கிய படத்தைப் போனில் பார்த்தேன். கொரோலா நல்ல சாமான். பதினொரு வயதுக் கார் என்றாலும் குழப்படி செய்யாது. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் வாகன விசயத்தை நான் வாயால் சொல்வதில்லை என்று உனக்குத் தெரியும். கடைக்கு வருகிறவனுக்கும் சாமானின் பெயரைக் கடதாசியில் எழுதித்தான் கொடுப்பேன்.

குருக்கள்மடத்தில் றோட்டோரம் டயருக்கு ஒட்டுப் போடத் தொடங்கியவன், இருபத்தெட்டு வருசமாக ஸ்பெயார் பார்ட்ஸ் விற்கிறேன். பனியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் வாகனம் எந்த ஊரிலும் வாகனம்தான். குளிர் வருமுன் பற்றரியின் முனைகளைக் கழுவிக் கிறீஸ் பூசச் சொல். பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல். வைப்பர் பிளேட் ஒரு சோடி இந்தப் பார்சலில் மிளகாய்த்தூளுக்கும் கருவாட்டுக்கும் நடுவில் இருக்கிறது. நல்ல றப்பர், நானே பார்த்து எடுத்தது.

கண்ணாடி கழுவும் போத்தலுக்கு அங்கே நீல நிறத்தில் ஏதோ விற்கிறார்களாம், வாங்கவா என்று ஜெயரூபன் கேட்டார். வேண்டாம். நானும் வியாபாரிதான். தொடக்கத்தில் பச்சைச் சாயம் கலந்த தண்ணீரை 'கூலன்ட்' என்று பேர் ஒட்டி விற்றவன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. தண்ணீர் உறைந்துவிடும் என்று பயமுறுத்துவான்கள். போத்தல் இருப்பது எஞ்சினுக்குப் பக்கத்தில். அந்தச் சூட்டில் எப்படி உறையும்? பைப் தண்ணீரும் இரண்டு சொட்டு ஷாம்பும் போதும்.

அண்ணன் எழுதினால் யோசித்துத்தான் எழுதுவான்.
அழகரத்தினம்


சஸ்கச்சுவான், கனடா
05.11.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதமும் பார்சலும் ஒன்றாக வந்தன. மூவரும் நலம். மச்சாளின் கால்வீக்கம் எப்படி?

கருவாட்டு மணம் பிளேட்டில் ஏறிவிட்டது. மழையில் வைப்பர் ஓடினால் கார் முழுக்கக் கல்லடி மீன்கடை மணக்கிறது என்று தக்ஷா மூக்கைப் பொத்துகிறாள். அப்பாவும் மகளும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இங்கே கார் ஒரு கைக்குழந்தை மாதிரி அண்ணா. குளிருக்கென்று வேறு டயர். இரவில் எஞ்சின் உறையாமல் இருக்க முன்பக்கம் ஒரு வயர் தொங்குகிறது, அதைச் சுவர்ப் பிளக்கில் மாட்டிவிட வேண்டும், போனுக்குச் சார்ஜ் போடுவதுபோல. பின்பெட்டியில் பனி வழிக்கச் சவள், போர்வை, மெழுகுதிரி. வழியில் நின்றுவிட்டால் ஆள் உறையாமல் இருக்க.

என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஏறாவூர் நிஸ்மியா, நீலத் தண்ணீர் கட்டாயம் வேண்டும் என்று சொன்னா. நான் ஒரு கலன் வாங்கிக்கொண்டு வந்தேன். இவர் அதைப் பின்பெட்டியில் போட்டுவிட்டார். "மச்சான் எழுதினதை மீற ஏலுமா? போத்தல் நிறையத் தண்ணி இரிக்கி. அது முடியட்டும், பொறகு பாப்பம்" என்கிறார். உங்கள் வான் ஓட்டிய ஆள். உங்கள் சொல் அவருக்கு வேதவாக்கு, என்னுடையது வானொலி.

தக்ஷாவின் அன்பும்.
கேதா


நாவற்குடா
02.12.2023

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். புஸ்பத்தின் கால் வடிந்துவிட்டது. இங்கே மாரி மழை விடாமல் ஊற்றுகிறது. வாவி ஏறிப் பின்வளவு வரைக்கும் வந்து நிற்கிறது. கரடியனாற்றுப் பக்கம் வயல்கள் தண்ணீருக்குள். உழவு மெசின்காரர் கடைக்கு வந்து கவலையோடு போகிறார்கள்.

எஞ்சினைக் கரண்டில் சூடாக்கி வைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். பார்த்தாயா, நான் சொன்னதுக்கு அதுவே சாட்சி. எஞ்சின் சூடாக இருந்தால் பக்கத்துத் தண்ணீரும் உறையாது. ஜெயரூபன் சொன்னதுதான் சரி. இருக்கிற தண்ணீரை ஏன் வீணாக்க வேண்டும்? வாங்கிய கலனைத் திருப்பி எடுப்பார்களா என்று கேள், சீல் உடைக்காவிட்டால் எடுப்பார்கள்.

மூவரும் குளிர்ச்சட்டை இல்லாமல் வெளியே போக வேண்டாம்.

அண்ணன்


நாவற்குடா
28.01.2024

தங்கச்சி,

சுகம் கேட்டு எழுதக் கை வரவில்லை.

பதினேழு நாளாகப் போன் எடுக்கிறேன், மணி போய்க்கொண்டே இருக்கிறது. நீ எடுக்க வேண்டாம். அடக்கத்தைப் போனில் பார்த்தோம். அந்த வெள்ளைத் தரையும் கறுப்புக் கோட்டுப் போட்ட நாலு பேரும், நடுவில் பெட்டிக்குள் ஜெயரூபனும். ஒரு பறை இல்லை, நம் சனம் இல்லை. புஸ்பம் பாதியில் எழும்பிப் போய்விட்டாள்.

சாவுத் துடக்கு என்று பொங்கல் பொங்கவில்லை. எட்டாம் நாள் காரியத்தை உன் வீட்டிலேயே செய்தோம். கலியாணத்துக்கு நான் கட்டிக் கொடுத்த வீடு, அவர் குடி வந்த வீடு, வேறு எங்கே செய்வது? முப்பத்தோராம் நாள் அமுதும் அங்கேதான். அவருக்குப் பிடித்த இறால் சுண்டலும் படைப்போம்.

தக்ஷாவின் கை எப்படி? மாவுக்கட்டு எப்போது கழற்றுவார்கள்?

காரில் என்ன நடந்தது என்று கேட்டு உன்னைக் கரைச்சல் படுத்த மாட்டேன். எழுத முடிந்த நாளில் எழுது. எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

அண்ணன்


சஸ்கச்சுவான்
25.02.2024

அண்ணாவுக்கு,

தக்ஷாவின் கட்டு கழற்றியாகிவிட்டது. விரல்களை மடக்குகிறாள். நானும் இருக்கிறேன்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டியது என் கடமை. அன்று பின்னேரம் மூன்றரை மணி. தக்ஷாவைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றிக்கொண்டு பெருந்தெருவில் வந்திருக்கிறார். முன்னால் போன லொறி தெருவில் கிடந்த உப்பையும் பனிச் சேற்றையும் சேர்த்து அடித்ததில் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. ஒன்றும் தெரியாமல் ஓரங்கட்டியிருக்கிறார். ஓரத்தில் பழுதாகி ஒரு லொறி நின்றிருக்கிறது. அவ்வளவுதான். தக்ஷா பின்சீற்றில் இருந்தாள். அவள் சொல்வதையெல்லாம் எழுத எனக்குத் தெம்பில்லை.

போன கிழமை பொலிஸ்காரர் காரில் இருந்த சாமான்களைக் கொண்டுவந்து தந்தார்கள். ஒவ்வொன்றாக வாசித்துக் கையெழுத்து வாங்கினார்கள். கையுறை ஒரு சோடி. சவள். போர்வை. மெழுகுதிரி நாலு. சீல் உடைக்காத நீலக் கலன் ஒன்று. தக்ஷாவின் கணக்குக் கொப்பி. நீங்கள் அனுப்பிய பார்சலின் சாக்குத் துண்டு, அதை அவர் கால் துடைக்கப் போட்டிருந்தார்.

அமுது கொடுத்த படங்கள் வந்தன. மச்சாளுக்குச் சொல்லுங்கள்.

கேதா


நாவற்குடா
17.03.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. எல்லாக் கடதாசியையும்போல அதையும் கடைக் கம்பியில் கோத்து வைத்திருக்கிறேன். பில் எடுக்கக் கை போகும்போதெல்லாம் அது தட்டுப்படுகிறது.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். கண்ணாடி வெள்ளையானது என்று எழுதியிருந்தாய். வைப்பர் துடைக்கவில்லையா? அது நான் அனுப்பிய பிளேட். குளிரில் றப்பர் இறுகிப் பலகை மாதிரி ஆகியிருக்குமா? அந்தப் பெட்டியில் மிச்சம் இருந்த ஒன்பது சோடியையும் விற்காமல் எடுத்து வைத்துவிட்டேன்.

இன்னொன்று. இங்கே வந்துவிடு. நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அது உன் வீடு, நான் கதவுத் திறப்பை மட்டும்தான் வைத்திருக்கிறேன். கிணற்றை இறைத்து வைத்திருக்கிறேன். தக்ஷாவுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில். அந்தக் குளிரில் ஆண் துணை இல்லாமல் என்ன செய்வாய்?

பிளேட் விசயம் மறக்காமல் எழுது.

அண்ணன்


சஸ்கச்சுவான்
21.05.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இரண்டு மாதம் பதில் போடவில்லை, மன்னியுங்கள். நாங்கள் இருவரும் சுகம். இங்கே பனி கரைந்து புல் தெரிகிறது.

உங்கள் பிளேட்டில் ஒரு பிழையும் இல்லை. பொலிஸ்காரரே பார்த்துச் சொன்னார்கள், றப்பர் நன்றாக இருந்ததாம். ஒன்பது சோடியையும் திரும்ப எடுத்து விற்றுவிடுங்கள். அதை நினைத்து ஒரு நாளும் வருத்தப்படக் கூடாது. இதை நான் சத்தியமாக எழுதுகிறேன்.

வீட்டுக்கு வரச் சொல்கிறீர்கள். எனக்கும் அந்த வீட்டில் படுத்து அழ வேண்டும்போல இருக்கிறது. ஆனால் தக்ஷா அப்பாவை இந்த ஊரில் விட்டுவிட்டு வர மாட்டேன் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லறைக்குப் போய் வருகிறோம். ஒரு பிள்ளையிடம் அதையும் பறிக்க எனக்கு மனம் இல்லை.

இதுவரைக்கும் வேலைக்கு நிஸ்மியா ஏற்றிக்கொண்டு போகிறா. ஒக்டோபரில் அவர்கள் குடும்பத்தோடு ரொறொன்ரோ போகிறார்கள். பஸ் இல்லாத ஊர், வேலையிடம் முப்பத்தெட்டுக் கிலோமீற்றர். கார் ஓடப் பழகப் போகிறேன். பனிக்கு முன்பு லைசன் எடுக்காவிட்டால் வேலை போய்விடும். வேலை போனால் இங்கே நாங்கள் இருக்க முடியாது.

கோபிக்க வேண்டாம்.
கேதா


நாவற்குடா
07.07.2024

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் கோபமாகத்தான் இருந்தேன். புஸ்பத்தோடு சாப்பாட்டுக்குச் சண்டை பிடித்தேன். அவள் திருப்பிக் கேட்டாள்: "ஒங்களுக்கு அவ ஓட்டுறது பயமா, ஒங்களக் கேக்காம ஓட்டுறது கோபமா?"

சரி, ஓடு. என் தங்கச்சி சைக்கிளில் கல்லடிப் பாலத்தைக் கடந்து பள்ளிக்கூடம் போனவள்தானே. பிளேட்டில் பிழை இல்லை என்று நீ எழுதியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒழுங்காக நித்திரை வருகிறது. அதனால் இன்னொரு சோடி அனுப்புகிறேன். இந்தமுறை கருவாட்டோடு வைக்கவில்லை.

பழைய கார்தான் வாங்குவாய் என்று நினைக்கிறேன். ஜெயரூபனுக்கு எழுதியது எல்லாம் உனக்கும்தான். பற்றரி, பெல்ட், டயர்க் காற்று. போத்தலுக்குப் பைப் தண்ணீர் போதும், அந்த நீலத்துக்குக் காசைக் கொட்டாதே.

முந்தியே எழுதிய கடிதத்தை எடுத்து ஒருதரம் பார்த்துக்கொள்.
அண்ணன்


சஸ்கச்சுவான்
15.09.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களுக்கும் மச்சாளுக்கும் சுகம் வேண்டுகிறோம். எனக்கு லைசன் கிடைத்துவிட்டது. மூன்றாம் முறை. முதல் இரண்டு முறையும் பெருந்தெருவில் ஏறியதும் காரை நிறுத்திவிட்டேன்.

பழக்கியது ஒரு உக்ரேனியப் பெண், வயது எழுபது. கண்டிப்பானவ. பனியில் பிறேக்கை உதைத்தால் கார் என்னைக் கேட்காது என்கிறா. வழுக்கினால் பள்ளத்தைப் பார்க்காமல் போக வேண்டிய பக்கத்தைப் பார்க்க வேண்டும், கை கண்ணோடு போகுமாம். முன்னால் போகும் வாகனம் கடந்த இடத்தை நான் அடைய எட்டு எண்ண வேண்டும். பெற்றோல் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. நின்றுபோனால் காரை விட்டு இறங்கி நடக்கக் கூடாது.

கார் நகருமுன் ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் கண்ணாடி கழுவும் தடியை இழுத்துக் காட்டச் சொல்லுவா. நீலம் பாய்ந்தால்தான் புறப்பட விடுவா. கலனில் மைனஸ் நாற்பது என்று போட்டிருக்கிறது, அதுவரைக்கும் உறையாதாம். போத்தல் எஞ்சினுக்குத் தள்ளி, முன்சில்லின் டயருக்குப் பக்கத்தில், குளிர்காற்றுப் படுகிற இடத்தில் இருக்கிறது. இந்த ஊர் வழக்கம், நானும் அப்படியே செய்கிறேன். நீங்கள் எழுதியதை மீறியதாக நினைக்க வேண்டாம்.

பிளேட் வந்தது. மாட்டிவிட்டேன். இந்தமுறை மணம் இல்லை என்று தக்ஷாவுக்குத்தான் ஏமாற்றம்.

கேதா


நாவற்குடா
20.10.2024

தங்கச்சி,

இது சுகம் விசாரிக்கும் கடிதம் இல்லை. நேராகச் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த கிழமை தக்ஷா புஸ்பத்தோடு போனில் கதைத்திருக்கிறாள். பிள்ளை தன்பாட்டில் சொன்னாளாம்: "அப்பா அந்தத் தடியை இழுத்து இழுத்துப் பாத்தவர் மாமி. சும்மா உர்ரெண்டு சத்தம்தான் வந்திச்சு. தண்ணி வரவே இல்ல." புஸ்பம் அதை எனக்குச் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். நான் கடைக்குப் போனேன்.

கொரோலாவுக்குப் போடும் கழுவு போத்தல் ஒன்று, மோட்டரும் பைப்பும் சேர்த்து, என்னிடம் ஸ்டொக் இருந்தது. பைப் தண்ணீர் நிரப்பினேன். இரண்டு சொட்டு ஷாம்பும் விட்டேன், எழுதியபடியே. காத்தான்குடியில் றிஸ்வியின் ஐஸ்றூமுக்குக் கொண்டு போனேன், இறால் வைக்கிற இடம், மைனஸ் பதினெட்டு. "அண்ணன், இறாலுக்குப் பக்கத்துல இதென்னத்துக்கு?" என்று கேட்டான். ஒரு நாள் இருக்கட்டும் என்றேன்.

அடுத்த நாள் எடுத்தேன். கல். போத்தல் நெட்டுக்கு, மேலிருந்து கீழே வெடித்திருந்தது. பற்றரியில் மோட்டரைத் தொடுத்துப் பார்த்தேன். உர்ரென்றது. அந்தச் சத்தம்தான் தக்ஷா சொன்ன சத்தம். றிஸ்வி பக்கத்தில் நின்றான். நான் அப்படியே ஐஸ் பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன். அவன் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னான்.

கடையில் ஒரு பல்ப் விற்றாலும் பற்றரியில் தொடுத்துக் காட்டித்தான் கொடுப்பேன். உனக்கு எழுதியதை மட்டும் சோதித்துப் பார்க்கவில்லை.

அன்று அந்தப் போத்தலில் என்ன இருந்தது? ஒரு சொல் எழுது. போதும்.

அழகரத்தினம்


சஸ்கச்சுவான்
14.11.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் மச்சாளும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் நலம்.

போத்தலில் நீலத் தண்ணீர்தான் இருந்தது. டிசம்பர் தொடக்கத்திலேயே இவர் பழைய தண்ணீரை வெளியே விட்டுவிட்டு நீலத்தை ஊற்றினார். நான் பக்கத்தில் நின்று கலனைத் திறந்து கொடுத்தேன். உங்களுக்குச் சொன்னால் கோபிப்பீர்கள் என்று மறைத்தார். பழைய கார் அண்ணா, பைப்பில் எங்கேயோ அடைத்துக்கொண்டதாம். பொலிஸ்காரர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அது யாருடைய பிழையும் இல்லை. தக்ஷா சின்னப்பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்?

முதல் பனி விழுந்துவிட்டது. நேற்று நான் தனியே வேலைக்குப் போய் வந்தேன். எட்டு எண்ணி எண்ணிப் போனேன். அவர் ஓரங்கட்டிய அந்த இடத்தைக் கடக்கும்போது எண்ணிக்கை விட்டுப்போனது, பிறகு முதலில் இருந்து எண்ணினேன். வீட்டு வாசலில் தக்ஷா சவளோடு நின்றாள், பாதையெல்லாம் வழித்து வைத்திருந்தாள்.

இனி இதைப்பற்றி எழுத வேண்டாம்.
உங்கள் தங்கச்சி கேதா


நாவற்குடா
08.12.2024

என் தங்கச்சி கேதாவுக்கு,

உன் சுகமும் பிள்ளையின் சுகமும் கிடைக்க வேண்டும். இங்கே மழை. காலையில் கடை திறந்ததும் போனில் உன் ஊரின் குளிரைத்தான் முதலில் பார்க்கிறேன். இன்று மைனஸ் இருபத்தாறு என்று காட்டியது.

உன் கடிதம் வந்தது. கம்பியில் கோக்கப் போனேன். கோக்கும்போது பெப்ரவரியில் நீ எழுதியது தட்டுப்பட்டது. சாமான்களை ஒவ்வொன்றாக எழுதியிருந்தாயே, கையுறை, சவள், மெழுகுதிரி நாலு, சீல் உடைக்காத நீலக் கலன் ஒன்று. நீ அதை மறந்துவிட்டாய். கம்பி மறக்கவில்லை.

இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஆட்கள் வந்து சாமான் கேட்டார்கள், நாளைக்கு வாருங்கள் என்றேன்.

கேதா, போலிச் சாமானைத் தொட்டவுடனே தெரிந்துகொள்கிறவன் நான். தெரிந்து ஒன்றையும் வாங்கியதில்லை, யார் வந்து கெஞ்சினாலும். நவம்பரில் நீ எழுதி அனுப்பியதை மட்டும் தெரிந்தே வாங்கிக்கொண்டேன். அதைக் கம்பியில் குத்த மனம் வரவில்லை, சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். இனி இதைப்பற்றி நீயும் எழுத வேண்டாம், நானும் கேட்க மாட்டேன்.

கார் விசயத்தில் இனி நான் எழுதிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அந்த உக்ரேனிய அம்மா சொல்வதைக் கேள். ஒன்று மட்டும் கேட்கிறேன், சொல்வதாக எடுக்காதே. அந்தக் கலன் இன்னும் வீட்டில் எங்கேயாவது இருக்கும். அதை அப்படியே வைத்திருக்காதே. இது கிடைத்ததும், வேலைக்குப் புறப்படுமுன் சீலை உடைத்து ஊற்று. ஊற்றிவிட்டுத் தடியை ஒருதரம் இழுத்துப் பார், நீலம் வருகிறதா என்று.

வந்தால், பிள்ளையிடம் சொல்லி எனக்கு ஒரு சொல் அனுப்பு.

அண்ணன்